டூம் முதல் ஹாஃப்-லைஃப் வரை: பழைய துப்பாக்கி ஆட்டங்களை வரிசையாக ஆடி முடிக்க ஒரு முழு வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் 2000-களில் படித்தவர்களுக்கு இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் தெரியும். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி உட்கார்ந்தால் ஐஜிஐ-யில் முதல் மிஷனைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுநாள் போனால் அந்த மெஷினில் வேறொருவர் இருப்பார், நம் சேவ் அழிந்திருக்கும். டூமை யாரோ ஆடப் பார்த்திருப்போம், ஹாஃப்-லைஃபில் ரயில் ஓடுவதோடு எழுந்து வந்திருப்போம். இப்போது வீட்டிலேயே லேப்டாப் இருக்கிறது, இரவு பத்து மணிக்கு மேல் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. விட்டதை உட்கார்ந்து முடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கட்சி ஒன்றுதான். வெளிவந்த வரிசையில் ஆடுங்கள். கதை புரிவதற்காக இதைச் சொல்லவில்லை; டூமின் கதை ஒரு தாளில் அடங்கிவிடும். கைப்பழக்கத்துக்காகச் சொல்கிறேன். டூம் நகரக் கற்றுத்தருகிறது. குவேக் மேலும் கீழும் பார்க்கச் சொல்லித்தருகிறது. ஹாஃப்-லைஃப் நின்று காதுகொடுக்க வைக்கிறது. 2016-இல் வந்த டூமை முதலில் ஆடிவிட்டு 1993-க்குத் திரும்பினால் பழையது ஏழையாகத் தெரியும். பழையதிலிருந்து மேலே வந்தால் ஒவ்வொரு அடுத்த பாகத்திலும் எது புதிது என்று கையே சொல்லிவிடும்.

அதே சமயம், எல்லாவற்றையும் கடைசிவரை முடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. எங்கே நிறுத்தினால் நஷ்டம் இல்லை என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

மெஷினும் அறையும்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள். டூம் வந்தபோது 386 பிராசஸரும் 4 எம்பி நினைவகமும் போதுமானதாக இருந்தன. ஹாஃப்-லைஃப் 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் ஓடியது. ஆபீஸ் வேலைக்கு வாங்கிய பழைய லேப்டாப் எதுவாக இருந்தாலும் இந்த வழிகாட்டியில் 2004 வரை வரும் ஆட்டங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்கும். டூம் 3 மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம்.

செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் மவுஸ். லேப்டாப்பின் டச்பேடில் இந்த ஆட்டங்களை ஆட முடியாது. ஒயர் உள்ள சாதாரண மவுஸ் போதும், ஸ்க்ரோல் சக்கரம் ஒழுங்காகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பதை எடுப்பதாக இருந்தால் கிளிக் பட்டனை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்து எடுங்கள். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகும் மவுஸ் ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரிக் கடலை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்கள் ஜன்னல் ஓரத்தில் கணினியை வைக்காதீர்கள். உப்புக் காற்று ஃபேன் வழியாக உள்ளே போய் இணைப்புகளைத் துரு ஏற்றிவிடும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு யூபிஎஸ் கட்டாயம். நம் பக்கம் நவம்பர், டிசம்பரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2011-இல் தானே புயலும் 2024-இல் ஃபெங்கலும் என்ன செய்துவிட்டுப் போயின என்று நினைவிருக்கும். பழைய ஆட்டங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நெட் வேண்டாம், பேட்டரியையும் அதிகம் குடிப்பதில்லை. மின்சாரம் இல்லாத இரவில் லேப்டாப்பில் டூம் ஓடும். போன் சார்ஜுக்குப் பேட்டரியை மிச்சம் வைப்பது உங்கள் பொறுப்பு.

ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்வது

டூம், குவேக், ஹாஃப்-லைஃப் எல்லாமே ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாய் விலையில் கிடைக்கின்றன. கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்தால் ஒரு பிரியாணி விலைக்குள் ஒரு தொடரே வந்துவிடும். டூமும் குவேக்கும் ஜிஓஜி தளத்திலும் உண்டு. அங்கே வாங்கியதை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம், ஆடும்போது நெட் கேட்காது.

காசே செலவழிக்காமல் தொடங்கவும் நேர்மையான வழி இருக்கிறது. டூமின் முதல் எபிசோடும் குவேக்கின் முதல் எபிசோடும் ஷேர்வேராக, இலவசமாகப் பரப்புவதற்கென்றே வெளியிடப்பட்டவை. ஃப்ரீடூம் என்று ஒரு ஆட்டமும் உண்டு. படம், ஒலி, லெவல் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் புதிதாகச் செய்து, டூமின் இயந்திரத்தில், அதாவது ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை நிரலில், ஓடும்படி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பிடிக்கிறதா என்று பார்க்க இவை போதும்.

பழைய காப்பி சிடிக்களைத் தேடிப் போகாதீர்கள். வைரஸ் பயம் ஒரு பக்கம். இன்னொன்று, குவேக்கின் இசை ஆடியோ சிடி தடங்களாக அந்தத் தட்டிலேயே இருந்தது. வெறும் ஃபைல்களை மட்டும் காப்பி அடித்துச் சுற்றிய குவேக்கில் இசையே இருக்காது. நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் அதற்காகவே செய்த ஒலிகளைக் கேட்காமலேயே குவேக் ஆடியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள்.

டூமை எதில் ஓட்டுவது

1993-இன் டாஸ் புரோகிராம் இன்றைய விண்டோஸில் நேரடியாகத் திறக்காது. 1997-இல், டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூமின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. அதை வைத்துப் பலர் புது மெஷின்களுக்கான பதிப்புகளைச் செய்தார்கள். ஆட்டத்தின் சரக்கு முழுவதும் வாட் என்ற ஒரே ஃபைலில் இருக்கும்; டூம் 2-இன் வாட் சுமார் 14 எம்பிதான். அந்த ஃபைலை உங்களுக்குப் பிடித்த பதிப்பின் ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது.

மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். சாக்லேட் டூம், அந்தக் காலத்து ஆட்டத்தை அதன் பிழைகளோடு அப்படியே காட்டும். கிரிஸ்பி டூம் அதிலிருந்து கிளைத்தது, படம் இரண்டு மடங்கு தெளிவு. நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஜிஇசட்டூமில் தாவலாம், மேலே கீழே பார்க்கலாம், ஆயிரம் மாற்றங்கள் செய்யலாம். ஆனால் டூமின் லெவல்கள் தாவ முடியாத ஆளுக்காகக் கட்டப்பட்டவை. தாவினால் பாதிப் பூட்டுகளுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். ஜிஇசட்டூமில்தான் ஆடுவேன் என்றால் ஜம்ப்பை அணைத்துவிட்டு ஆடுங்கள்.

இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால், 2024 ஆகஸ்டில் டூம், டூம் 2 இரண்டையும் சேர்த்து வெளியிட்ட புதுத் தொகுப்பு இருக்கிறது. ஃபைனல் டூமும் வேறு பல எபிசோடுகளும் அதற்குள்ளேயே அடங்கும். நிறுவினால் ஓடும், வேறு எதையும் தொட வேண்டாம்.

கை எங்கே இருக்க வேண்டும்

இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி மேல். வலது கை மவுஸில். பழைய டூமில் அம்புக்குறி விசைகள்தான் இயல்பாக இருக்கும், முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அடுத்து, "எப்போதும் ஓடு" என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். நடந்து டூமை முடிக்க முடியாது. பழைய பதிப்புகளில் மவுஸை முன்னால் தள்ளினால் ஆளும் முன்னால் போவான், அதையும் அணைத்துவிடுங்கள். கதவு திறக்க ஸ்பேஸ், வரைபடம் பார்க்க டேப்.

தலை சுற்றுகிறது என்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அறை விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், ஃபேன் காற்று முகத்தில் படட்டும், திரையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள். நடக்கும்போது திரை ஆடும் அமைப்பை அணைக்க முடிந்தால் அணையுங்கள். பார்வைக் கோணத்தை மாற்றும் அமைப்பு இருந்தால் 90-க்குக் கொண்டுபோங்கள். ஹாஃப்-லைஃப் 2 இயல்பாக 75-இல் வரும், பலருக்கு வயிற்றைப் புரட்டுவது அதனால்தான். அப்படியும் புரட்டினால் அன்றைக்கு அதோடு எழுந்துவிடுங்கள். பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் மறுநாளும் அந்த உபாதை இருக்கும்.

டூம், 1993

முதலில் கஷ்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஐந்து நிலைகளில் நடுவில் இருக்கும் ஹர்ட் மீ பிளென்டி சரியான இடம். கடைசியில் உள்ள நைட்மேரில் செத்த பூதங்கள் மறுபடி எழுந்து வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்று எபிசோடுகள், ஒவ்வொன்றிலும் எட்டு லெவலும் ஒரு ரகசிய லெவலும். 1995-இல் நாலாவது எபிசோட் ஒன்றைச் சேர்த்தார்கள். முதல் எபிசோடைப் பெரும்பாலும் ஜான் ரொமேரோ வடிவமைத்தார், இன்றும் அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இந்த வகையில் கிடையாது என்பேன். மூன்றாவது லெவலில் ரகசிய வழி ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் ஒன்பதாவது லெவலுக்குள் போக முடியும். சுவரில் ஒரு பகுதி மட்டும் நிறமோ கோடோ பொருந்தாமல் இருந்தால் அங்கே ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள்.

இங்கே கற்க வேண்டியது நகர்வு. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சுடுவது. பூதம் எறியும் நெருப்புருண்டை மெதுவாகத்தான் வரும், அதற்குப் பக்கத்தில் நகர இடம் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். மூலையில் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்துச் சுடுவது ஐஜிஐ பழக்கம், டூமில் அது ஆளைக் கொல்லும். அதே நேரத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் சிப்பாய்களின் குண்டு உடனே படும், ஒதுங்க முடியாது. ஆகவே ஒரு கும்பலைப் பார்த்தால் முதலில் சிப்பாய்களை முடித்துவிட்டு அப்புறம் நெருப்பு எறிபவர்களிடம் போங்கள்.

இன்னொரு வித்தை, பூதங்களைச் சண்டை மூட்டி விடுவது. ஒன்று எறிந்த உருண்டை வேறு இனத்துப் பூதத்தின் மேல் பட்டால் அது உங்களை விட்டுவிட்டு எறிந்தவனைத் துரத்தும். இரண்டுக்கும் நடுவில் போய் நின்று சட்டென்று விலகினால் உங்கள் தோட்டா மிச்சம். பின்னால் வரும் லெவல்களில் இது இல்லாமல் தோட்டா போதாது.

தெரிந்துவைக்க வேண்டிய இரண்டு சங்கதிகள். நீலக் கவசம் அடியில் பாதியைத் தாங்கும், பச்சைக் கவசம் மூன்றில் ஒரு பங்குதான். நீலக் கவசம் 100-க்குக் கீழே இறங்கியிருக்கும்போது தரையில் கிடக்கும் பச்சையை மிதித்தால், எண் 100 ஆகும், ஆனால் அது பச்சையாக மாறிவிடும். நீலம் 90-இல் இருந்தால் பச்சையைச் சுற்றிக்கொண்டு போங்கள். இரண்டாவது, பெர்சர்க் என்ற கருப்புப் பெட்டி. எடுத்ததும் திரை சிவந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பலம் போய்விட்டது என்று நினைப்பார்கள். அந்த லெவல் முடியும்வரை வெறும் கைக்குப் பத்து மடங்கு பலம் இருக்கும். தோட்டா தீர்ந்தால் பயப்படாமல் குத்துங்கள்.

முதல் எபிசோட் முடியும் விதம் பலரைக் குழப்பும். இரண்டு பெரிய பூதங்களைக் கொன்றபின் ஓர் இருட்டு அறைக்குள் போகிறீர்கள், சுற்றி வளைத்து அடித்துத் திரை முடிகிறது. தோற்றுவிட்டோம் என்று லோடு செய்ய வேண்டாம். கதையே அப்படித்தான்.

இரண்டாம் எபிசோடையும் மூன்றாவதையும் ஆடுங்கள். நாலாவதின் முதல் இரண்டு லெவல்கள் திடீரென்று கடுமையாகிவிடும். அங்கே அலுத்தால் தாராளமாக விட்டுவிடலாம்.

சேவ் பற்றி: பழைய டூமில் தானாகச் சேவ் ஆகாது. ஒவ்வொரு லெவலின் தொடக்கத்திலும் ஒரு சேவ், நடுவில் சாவி எடுத்ததும் ஒரு சேவ். வெவ்வேறு இடங்களில் போடுங்கள். ஒரே இடத்தில் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தால், 5 சதவீத உயிரோடு ஐந்து பூதங்களுக்கு நடுவில் மாட்டிய சேவ் மட்டும்தான் மிஞ்சும்.

டூம் 2, 1994

கதை பூமிக்கு வருகிறது, இயந்திரம் அதேதான். புதிதாக வருவது இரட்டைக்குழல் துப்பாக்கியும் ஒரு கூட்டம் புது எதிரிகளும். மொத்தம் 32 லெவல்கள், அவற்றில் இரண்டு ரகசியம். 15-ஆவது லெவலில் ரகசிய வழியைப் பிடித்தால் 1992-இன் வுல்ஃபென்ஸ்டைன் என்ற ஆட்டத்தின் லெவல் ஒன்றுக்குள்ளேயே போய் இறங்குவீர்கள், அதிலிருந்து இன்னொன்றுக்கு.

புது எதிரிகளில் ஆர்ச்-வைல் ஒன்றை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும். மஞ்சள் நிறம், ஒல்லி உடம்பு. செத்த பூதங்களை எழுப்பிவிடும். உங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினால் உங்கள் மேல் தீ எழும்பும். தீ முடியும் நொடியில் அதன் கண்ணுக்கு நீங்கள் தெரியாமல், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது. ஆகவே அதன் கத்தல் கேட்டதும் முதலில் தூணைத் தேடுங்கள், பிறகு துப்பாக்கியைத் தேடுங்கள்.

நடு லெவல்கள், குறிப்பாக 12-க்கு மேல் வரும் நகர லெவல்கள், எனக்குப் பிடிக்காதவை. பெரிய மைதானத்தில் பெட்டிப் பெட்டியாகக் கட்டிடங்கள், சாவிக்காக அலைச்சல். இங்கே வழிகாட்டி வீடியோ பார்ப்பதில் தப்பே இல்லை. கடைசி லெவலில் சுவரில் ஒரு பெரிய தலை, நெற்றியில் ஓட்டை. லிஃப்டில் ஏறி மேலே போகும்போது அந்த ஓட்டைக்குள் ராக்கெட் விட வேண்டும். உள்ளே இருப்பது ஜான் ரொமேரோவின் தலை. தொடக்கத்தில் கேட்கும் விசித்திர ஒலி அவர் குரலைத் தலைகீழாக ஓட்டியது. கூட வேலை செய்தவர்களின் குசும்பு.

ஃபைனல் டூமை 1996-இல் வெளியிட்டார்கள். அதில் புளூட்டோனியா பகுதி டூமை ஒரு தடவை முடித்தவர்களை அழவைப்பதற்கென்றே செய்தது. இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள். அதைச் செய்த சகோதரர்கள் இருவரில் ஒருவரான டாரியோ கசாலி பின்னர் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து ஹாஃப்-லைஃபில் வேலை செய்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவேக், 1996

டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை இருக்கவே முடியாது. அந்த இயந்திரத்தின் எல்லை அது. குவேக் அதை உடைத்தது. உலகம் முழுவதும் உண்மையான முப்பரிமாணம். எதிரி தலைக்கு மேல் பாலத்தில் நின்று குண்டு உருட்டுவான், காலடித் தண்ணீருக்குள்ளிருந்து இன்னொன்று கடிக்கும். டூமிலிருந்து நேராக வந்தால் முதல் லெவல்களில் மேலே பார்க்க மறந்து மறந்து சாவீர்கள். பழகட்டும்.

2021-இல் வந்த புதுப்பிப்பில் இசை, கூடுதல் எபிசோடுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, அதை ஓட்டுங்கள். பழைய மெஷின்காரர்களுக்குக் குவேக்ஸ்பாசம் என்ற இலவசப் பதிப்பு போதும். தொடங்கியதும் மெனு இல்லை, ஒரு கூடம்தான் இருக்கும். எந்தக் கதவு வழியாக நடக்கிறீர்களோ அதுவே கஷ்ட நிலை. நார்மல் கதவில் போங்கள்.

ஸோம்பிகளைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தால் விழுந்து விழுந்து எழுந்திருக்கும். வெடிகுண்டு மட்டும்தான் தீர்வு, அது சிதறினால்தான் சாவு. வெள்ளைக் கரடி மாதிரியான ஷாம்ப்ளருக்கு வெடிகுண்டு பாதிதான் உறைக்கும், அதற்கு ஆணித் துப்பாக்கியோ மின்னல் துப்பாக்கியோ எடுங்கள். முதல் எபிசோடின் கடைசியில் எரிமலைக் குழம்பிலிருந்து எழும் பூதத்தைச் சுட்டே கொல்ல முடியாது. மேடையில் ஏறி அங்குள்ள பொத்தான்களை மிதித்து மின்கம்பிகளை இறக்கி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். கடைசிக் கடைசியில் வரும் பெரிய பூதமும் அப்படித்தான். அதன் உடம்புக்குள் ஒரு முள்ளுருண்டை நுழைந்து வெளியே வந்து சுற்றிக்கொண்டிருக்கும். அது உள்ளே இருக்கும் கணத்தில், ஆளை வேறிடத்துக்குத் தூக்கிப்போடும் டெலிபோர்ட்டரில் நுழைந்தால் நீங்கள் அதற்குள் முளைப்பீர்கள், அது சிதறும். தோட்டாவைக் கொட்டித் தீர்த்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் எரிச்சல்தான் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

குவேக்கில் எல்லா எபிசோடுகளும் ஒரே தரம் கிடையாது. முதலாவதும் இரண்டாவதும் நிச்சயம். நாலாவது இழுவை.

குவேக் 2, 1997 டிசம்பர். பெயர்தான் தொடர்ச்சி, கதைக்கும் முதல் பாகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்ட்ராக் என்ற இயந்திர மனிதர்களின் கிரகத்தில் இறங்குகிறீர்கள். லெவல்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் கொண்டுபோய்ப் போட வேண்டும். 2023 புதுப்பிப்பில் வழிகாட்டும் திசைகாட்டி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், தயங்காமல் பயன்படுத்துங்கள். குவேக் 3-இல் கதையே கிடையாது. அது நண்பர்களோடு ஆடுவதற்கானது. 2005-இல் வந்த குவேக் 4 இரண்டாம் பாகத்தின் கதையைத் தொடர்கிறது, நேரம் இருந்தால் பார்க்கலாம்.

இதே காலத்தில் வந்த டியூக் நூகெம் 3டி-யை வீட்டில் எல்லோர் முன்னாலும் ஆட முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பொதுவாகவே இவை ரத்தம் தெறிக்கும் ஆட்டங்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம்.

ஹாஃப்-லைஃப், 1998

மைக்ரோசாஃப்டில் இருந்தபோது டூமை விண்டோஸ் 95-க்குக் கொண்டுவந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் கேப் நியூவெல். அவரும் மைக் ஹாரிங்டனும் சேர்ந்து தொடங்கிய வால்வ், குவேக்கின் இயந்திரத்தை உரிமம் வாங்கிப் பெரிதாக மாற்றி இந்த ஆட்டத்தைச் செய்தது. டூமும் குவேக்கும் ஆடிவிட்டு இங்கே வருபவர்களுக்கு நடையும் தாவலும் கையில் ஏற்கெனவே இருக்கும். இங்கே சேர்வது பொறுமை.

ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்து ரயில் பயணத்தைத் தாண்டாதீர்கள், தாண்டவும் முடியாது. அதற்கு முன்னால் பயிற்சிக் கூடம் ஒன்று மெனுவில் இருக்கும், அதை ஒரு முறை ஆடுங்கள். அங்கே கற்றுக்கொள்ளும் குனிந்தபடி தாவும் வித்தை, அதாவது ஸ்பேஸும் கண்ட்ரோலும் சேர்த்து அழுத்துவது, ஆட்டம் முழுக்கத் தேவைப்படும். எஃப்6 அழுத்தினால் சேவ், எஃப்7 அழுத்தினால் கடைசிச் சேவுக்குத் திரும்பும். ஹாஃப்-லைஃப் 2-இல் திரும்புவதற்கு எஃப்9.

பலர் விட்டுவிட்டுப் போகும் இடம் பிளாஸ்ட் பிட் என்ற அத்தியாயம். ஒரு பெரிய குழிக்குள்ளிருந்து கொக்கின் கழுத்து மாதிரி மூன்று கைகள் நீண்டு வந்து கொத்தும். துப்பாக்கியால் அவற்றைக் கொல்ல முடியாது. அவற்றுக்குக் கண் கிடையாது, காதுதான். குனிந்து மெதுவாக நடங்கள், தூரத்தில் ஒரு கையெறிகுண்டைப் போட்டால் சத்தம் வந்த பக்கம் திரும்பிக் கொத்தும், அந்த நேரத்தில் நீங்கள் கடந்துவிடலாம். குழிக்கு மேலே ஒரு ராக்கெட் எஞ்சின் தொங்குகிறது. எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம் மூன்றையும் வெவ்வேறு இடங்களில் போய்த் திறந்துவிட்டு மேலே வந்து பொத்தானை அழுத்தினால் எல்லாம் எரிந்துபோகும். அந்த எரிப்பைப் பார்க்கும் திருப்திக்காகவே இந்த அத்தியாயத்தை நானாகத் திரும்ப ஆடுவேன்.

அப்புறம் ராணுவ வீரர்கள் வருவார்கள். டூமின் பூதங்கள் மாதிரி நேராக வந்து விழமாட்டார்கள். சுற்றி வளைப்பார்கள், குண்டு எறிந்து உங்களை வெளியே கிளப்புவார்கள். அவர்களுடைய வயர்லெஸ் பேச்சைக் கேளுங்கள், எந்தப் பக்கம் வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கடைசிப் பகுதி ஜென் என்ற வேற்றுலகம். மிதக்கும் பாறைகளுக்கு நடுவே தாவித் தாவிப் போக வேண்டும். வெளிவந்த நாளிலிருந்தே திட்டு வாங்கும் பகுதி இது, திட்டு நியாயம்தான். ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் எஃப்6. இறுதி எதிரியைச் சுற்றியுள்ள படிகங்களை முதலில் உடையுங்கள், அதற்குப் பிறகு மேலே ஏறித் திறந்திருக்கும் தலைக்குள் சுடுங்கள். 2020-இல் முழுமையாக வெளிவந்த பிளாக் மேசா என்ற ரசிகர்களின் மறு உருவாக்கத்தில் ஜென் பகுதி அழகாக, ஆனால் மிக நீளமாக இருக்கிறது. அதற்கு மட்டும் கொஞ்சம் பலமான மெஷின் தேவை. முதலில் அசல், பிறகு வேண்டுமானால் அது.

ஆப்போசிங் ஃபோர்ஸ், புளூ ஷிஃப்ட் என்ற இரண்டு கிளைகளும் கியர்பாக்ஸ் என்ற நிறுவனம் செய்தவை. முதலாவதில் அதே ராணுவத்தின் ஒரு வீரராக, இரண்டாவதில் காவலாளியாக அதே சம்பவத்தைப் பார்க்கிறீர்கள். ஆப்போசிங் ஃபோர்ஸ் நல்ல சரக்கு. புளூ ஷிஃப்ட் ஒரு ஞாயிறு மதியத்தில் முடிந்துவிடும்.

ஹாஃப்-லைஃப் 2, 2004

இதை முதல் பாகம் முடிந்ததும் உடனே ஆட வேண்டாம், ஒரு வாரம் விடுங்கள். இதன் மையம் ஈர்ப்புத் துப்பாக்கி. எந்தப் பொருளையும் இழுத்துப் பிடித்து எறியலாம். ரேவன்ஹோம் என்ற ஊரில் வட்ட ரம்பத் தகடுகள் சுவரெல்லாம் குத்தி நிற்கும், அவற்றை எடுத்து எறிந்தே ஊரைக் கடந்துவிட முயலுங்கள், தோட்டாவும் மிச்சமாகும். மணல் பகுதியில் தரையைத் தொட்டால் பூச்சிகள் வரும். தரை முழுக்க எரிமலைக் குழம்பு என்று விளையாடும் பிள்ளைகள்போல் பலகை, தகரம், பீப்பாய் எதையாவது போட்டுப் போட்டு அதன் மேல் நடந்து போங்கள்.

படகிலும் காரிலும் போகும் பகுதிகளில் தலை சுற்றும் வாய்ப்பு அதிகம். சாப்பிட்டவுடன் அந்தப் பகுதிக்குப் போகாதீர்கள்.

எபிசோட் 1 2006-இல், எபிசோட் 2 2007-இல் வந்தன. இரண்டாவதின் இறுதியில் பெரிய மூன்று கால் எந்திரங்கள் ஊருக்குள் வரும் சண்டையில் காரை விட்டு ரொம்ப தூரம் போகாதீர்கள், வெடிபொருள் காரின் பின்னால்தான் இருக்கும். கதை பாதியில் நிற்கும், மூன்றாவது எபிசோட் வரவே இல்லை. 2020-இல் வந்த அலிக்ஸ் அந்த முடிவைத் தொட்டு எடுத்துக்கொண்டு போகிறது, ஆனால் அதற்குத் தலையில் மாட்டும் விஆர் கருவி வேண்டும். ஒரு ஆட்டத்துக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நம் சென்டர்களின் ஐஜிஐ

உலக அளவில் எழுதப்படும் பட்டியல்களில் ஐஜிஐ அநேகமாக இருக்காது. நம் ஊரில் அது இல்லாமல் பட்டியலே இல்லை. 2000 டிசம்பரில் நார்வேயின் இன்னர்லூப் நிறுவனம் செய்து வெளியானது, 14 மிஷன்கள். நடுவில் சேவ் கிடையாது. மிஷன் கடைசியில் செத்தாலும் முதலிலிருந்துதான். அதனால்தான் யாரும் முடிக்கவில்லை.

முடிக்க விரும்பினால் டூமில் கற்றதையெல்லாம் ஓரமாக வையுங்கள். உள்ளே நுழைவதற்கு முன் கணினி வரைபடத்தைத் திறந்து முகாமை மேலிருந்து பாருங்கள், பிறகு தொலைநோக்கியில் கேமராக்கள் எங்கே என்று பாருங்கள். கேமராவை அணைக்கும் கணினி இருக்கும் அறைக்கு முதலில் போங்கள். அபாய மணி அடித்துவிட்டால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கோபுரங்களில் ஏறினால் அந்த முகாமில் பாதி வேலை முடிந்தது. 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேவ் செய்யலாம், அந்த ஒரு காரணத்துக்காகவே அது சுலபம்.

மெடல் ஆஃப் ஆனர் அலைட் அசால்ட் 2002-இல் வந்தது. ஒமாஹா கடற்கரையில் இறங்கும் லெவலுக்காக அதை ஒரு தடவை ஆட வேண்டும். அதைச் செய்தவர்களில் பலர் பிரிந்துபோய் 2003-இல் முதல் கால் ஆஃப் டூட்டியைச் செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால் ஒரே கைகள் என்பது தெரியும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் ஹாஃப்-லைஃபின் மேல் இருவர் செய்த மாற்றமாக 1999-இல் தொடங்கியது. அதற்கு முடிவு கிடையாது, ஆகவே வழிகாட்டியும் கிடையாது.

பிறகு வந்த டூம்கள்

டூம் 3, 2004. மெதுவான, இருட்டான பேய்வீடு. டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது, அந்தத் தொல்லையில்தான் பயமே இருக்கிறது. 2012-இன் பிஎஃப்ஜி பதிப்பில் டார்ச்சைத் தோளில் மாட்டிவிட்டார்கள், பயம் குறைந்துவிட்டது. பழைய பதிப்பையே ஆடுங்கள். 2016-இன் டூமுக்கும் 2020-இன் டூம் எடர்னலுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். 2016-இல் முதல் டூமின் கால் வேகம் திரும்பி வருவதை, வரிசையாக ஆடிவந்தவர்கள் முதல் அறையிலேயே உணர்வார்கள். எடர்னல் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு குறிப்பிட்ட ஆயுதத்தைக் கேட்கும், சிலருக்கு அது பரீட்சைபோலத் தோன்றும்.

மாட்டிக்கொண்டால்

கதவு திறக்கவில்லை, வழி தெரியவில்லை என்றால் முதலில் டேப் அழுத்தி வரைபடத்தில் போகாத மூலைகளைப் பாருங்கள். கால் மணி நேரம் அலைந்தும் கிடைக்கவில்லை என்றால் வீடியோவில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். சண்டையில் தோற்பது வேறு, அதற்கு வீடியோ பார்க்காதீர்கள். முந்தைய சேவுக்குப் போய் அதிகத் தோட்டாவோடு திரும்பி வாருங்கள். டூமில் ஏமாற்றுச் சொற்கள் உண்டு. ஐடிடிக்யூடி என்று அடித்தால் சாவே கிடையாது. ஒரு லெவலை முடித்த பிறகு ரகசிய அறைகளைச் சுற்றிப் பார்க்க அதைப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, சேவ் ஃபோல்டரை மாதம் ஒரு முறை பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். கிரிஸ்பி டூம் மாதிரியான இலவசப் பதிப்புகளின் சேவ்கள் உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கும், ஸ்டீம் அவற்றைக் காப்பாற்றாது. ஒரு பதிப்பில் போட்ட சேவ் இன்னொரு பதிப்பில் திறக்கும் என்றும் நம்ப வேண்டாம். நடுவில் பதிப்பை மாற்றுவதாக இருந்தால் எபிசோட் முடிந்த இடத்தில் மாற்றுங்கள்.